பெரியப்பாவின் இனிஷியல்: கொங்கு நாட்டில் ஒரு கலியாணப் பதிவைத் தேடி

அக்டோபர் 28, செவ்வாய். போத்தனூர்

கோவையில் இறங்கியபோது காலை ஆறரை மணி, தூறல். மாமா குடையோடு நடைமேடையிலேயே நின்றிருந்தார். வயது எழுபத்திரண்டு. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். ‘ஒரே ஒரு பெட்டிதானா கண்ணு?’ என்று கேட்டபடி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை.

வந்த வேலை இதுதான். மாமாவின் அப்பாவைப் பெற்ற சின்னப்பன் தாத்தாவுக்கும் மதலேனம்மாள் பாட்டிக்கும் எந்த ஊரில், எந்த வருஷம் கலியாணம் நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாமா பத்து வருஷமாகத் தேடுகிறார். என் அம்மா உயிரோடு இருந்தவரை, ‘செத்துப் போனவர்கள் கலியாணத்துக்கு இப்போது போய் மொய் எழுதப் போகிறாயா?’ என்று தம்பியைச் சீண்டுவார். அம்மா போன பிறகு சீண்டுவதற்கு ஆளில்லாமல் மாமாவுக்குத் தேடும் உற்சாகம் குறைந்துவிட்டதாக அத்தை தொலைபேசியில் சொன்னார். அதனால்தான் நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன்.

அத்தை அரிசியும் பருப்பும் சோறு வைத்திருந்தார். சமைக்க நேரமில்லாத நாளில் கோவை வீடுகளில் செய்வது இது. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே ஒரு கரண்டி நெய். நேரமெடுத்து நான் செய்தாலும் இந்த ருசி வருவதில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோது சுவரிலிருந்த பழைய படம் கண்ணில் பட்டது. மாமாவின் பெரியப்பா, காக்கிச் சட்டையில். சட்டத்தின் அடியில் ‘ஐ. சவரிமுத்து’ என்று எழுதியிருந்தது.

எங்கள் குடும்பத்தின் பழைய வேடிக்கை அது. சின்னப்பன் பெற்ற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இனிஷியல் ‘சி’. மூத்தவருக்கு மட்டும் ‘ஐ’. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த அன்று எழுத்தர் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்வார்கள். ‘ரயில்வேயில் ஒருமுறை எழுதிவிட்டால் அவ்வளவுதான். அப்பன் பேரை மாற்றினாலும் மாற்றலாம், பதிவை மாற்ற முடியாது’ என்றார் மாமா, நூறாவது முறையாக.

பத்து மணிக்குக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகம் போனோம். பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களின் வட்டாரம். பங்குச் சாமியார் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், அலமாரிச் சாவியும் அவரோடு போயிருந்தது. முந்தைய நாளே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டுதான் வந்தோம். நாலு மணி வரை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்ததில் இரண்டு டீ, ஒரு கடலை மிட்டாய், மாமாவின் ரயில்வே சரித்திரம். 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூருக்குப் போட்ட பாதை போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவை நகரம் அப்போது ரயிலைப் பார்க்க இங்கே வர வேண்டும். அந்தப் பெருமை மாமாவுக்கு இன்னும் இருக்கிறது.

சாவி வந்தது. கலியாணப் பதிவேடு கனமான தோல் அட்டை, உள்ளே லத்தீன். பாரிஸ் மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுச் சாமியார்கள் எழுதியது. 1900-லிருந்து புரட்டினோம். எஞ்சின் ஓட்டுநர், கார்டு என்று ஆங்கிலோ இந்தியப் பெயர்கள் நிறைய. இவர்களைப் போன்றவர்களின் திருமணங்கள் பலவற்றுக்கு அந்தக் காலத்திலேயே படி எடுத்துச் சீமைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே தேடலாம். வண்டி ஓட்டியவரின் கலியாணம் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. அவருக்குத் தண்டவாளம் முடுக்கிய கேங்மேனின் கலியாணத்துக்கு இந்த ஒரே புத்தகம்தான், அதிலும் பாதியைச் செல் அரித்திருக்கிறது.

நான் ‘சின்னப்பன்’ என்று தேடிக்கொண்டிருந்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். சின்னப்பர் என்றால் பவுல், புத்தகத்தில் ‘பௌலுஸ்’. இராயப்பர் ‘பெத்ருஸ்’. அருளப்பர் ‘யோவான்னெஸ்’. ஞானப்பிரகாசம் ‘அலோசியுஸ்’. இன்னாசி ‘இக்னாசியுஸ்’. சவரிமுத்து ‘சவேரியுஸ்’. வீட்டில் ஒரு பெயர், புத்தகத்தில் இன்னொன்று. ஆறு மணி வரை புரட்டியும் மதலேனாவைக் கட்டிய பௌலுஸ் யாரும் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் 1912-இல் மாமாவின் அப்பா மட்டும் கிடைத்தார். பெற்றோர் பௌலுஸ், மக்தலேனா.

புத்தகத்தை எடுத்து வைக்க வந்த கோயில்பிள்ளைதான், கோயில் வேலைகளைப் பார்ப்பவர், கேட்டார்: ‘ஐயா, கலியாணம் பெண் வீட்டுப் பங்கில் அல்லவா நடக்கும்? மாப்பிள்ளை ஊரில் வந்து தேடுகிறீர்களே?’

பத்து வருஷமாக மாமா பாட்டியின் ஊரை ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ‘பாட்டி ஊர் கருமத்தம்பட்டிப் பக்கம் என்று சொல்வார்கள்’ என்றார் மெதுவாக. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இரவு அத்தையிடம் சொன்னேன், இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

அக்டோபர் 29, புதன். கருமத்தம்பட்டி

எனக்குப் பஸ்ஸில் கட்டணம் இல்லை, மாமாவுக்கு உண்டு. நாற்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவருக்கு இது சரியாகவே படவில்லை. நடத்துநர் என்னிடம் கொடுத்த இலவசச் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா பசிலிக்கா அவிநாசி சாலையின் இரைச்சலுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது. கோவை மறைமாவட்டம் உருவாகும் முன்பே இந்த ஊர் பெரியது. தெ பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-இல் இங்கேதான் ஆயராக அபிஷேகம் பெற்றார். பிறகு இங்கிருந்து விலகிப்போய் 1856-இல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையைத் தொடங்கி, மூன்றே வருஷத்தில் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். மாமா மெழுகுவர்த்தி கொளுத்தினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். ‘செல் அரிக்காத பக்கம்’ என்றார்.

பாட்டியின் பங்கு அங்கிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷம், நூற்றைம்பது ரூபாய். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கிருந்த சாமியார் கேட்டுக்கொண்டார், எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் வந்து நிற்பார்களாம். முப்பது வயதுகூட இருக்காது. மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். இந்தப் பக்கத்து மரியாதை எனக்கு எப்போதும் வியப்பு. ஆட்டோக்காரர் நடுச்சாலையில் குறுக்கே வந்தவனைத் திட்டும்போதும் வாக்கியத்தின் முடிவில் ஒரு ‘ங்க’ வைத்துத்தான் திட்டினார்.

ஞானஸ்நானப் புத்தகத்தை அவர் தேடும் நேரத்தில் கலியாணப் புத்தகத்தை நாங்கள் சும்மா புரட்டினோம். சும்மா புரட்டியதில்தான் அதிகம் படித்தேன். எந்த வருஷமும் மார்ச் மாதம் வெறுமையாக இருக்கிறது, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய டிசம்பரிலும் அப்படித்தான். ஆனால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையும் ஆள் இல்லை. திருச்சபைச் சட்டத்தில் ஆடி மாதத்துக்குத் தடை எதுவும் கிடையாது, அதை மக்களே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, பல பதிவுகளின் கீழே ‘இரண்டாம் தலைமுறை இரத்த உறவு, விலக்கு அளிக்கப்பட்டது’ என்ற குறிப்பு. அத்தை மகன், மாமன் மகள். இந்த ஊரில் அது முறை, ரோமாபுரியில் அது தடை. ஒவ்வொரு முறைப்பெண்ணுக்கும் ஆயரிடம் அனுமதி வாங்கி, அதை அலுக்காமல் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். சாதிக்கும் சில பக்கங்களில் ஒரு சொல் இருந்தது. மாமா அந்த இடங்களில் மட்டும் பக்கத்தைச் சற்று வேகமாகத் திருப்பினார்.

‘ஐயா, இதைப் பாருங்கள்’ என்று சாமியார் கூப்பிட்டார்.

1887, மக்தலேனா. அப்பா பெயர், அம்மா பெயர், ஞானத்தாய் பெயர், எல்லாம் கறுத்த மையில். ஓரத்தில் வேறொரு கையெழுத்து, வெளிறிய மை: 25-1-1909, பௌலுஸ். அதன் பக்கத்தில் ஊர் பெயரின் முதல் சில எழுத்து. ‘சத்தி.’

அந்த ஓரக்குறிப்பு எப்படி வந்தது என்று சாமியார் விளக்கினார். 1908 ஈஸ்டர் முதல் திருச்சபையில் ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கலியாணம் நடத்திய பங்கு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அவர்கள் அதைப் பழைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். ஒருவர் இரண்டு ஊரில் இரண்டு பேரைக் கட்டாமல் இருக்கத்தான். ‘அதே கலியாணம் ஒரு வருஷம் முன்னால் நடந்திருந்தால் இந்த ஓரத்தில் எதுவும் இருந்திருக்காது’ என்றார்.

மாமா மகிழ்ச்சியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போதுதான் (ஐம்பது ரூபாய், இரண்டாவதை வெட்டும் முன் விலை கேட்டார்) அவர் நெற்றி சுருங்கியது. ‘1887-இல் பிறந்தவள். 1909-இல் கலியாணம் என்றால் இருபத்தொன்று முடிந்துவிட்டதே. அந்தக் காலத்தில் இருபத்தொரு வயது வரை பெண்ணை வீட்டில் வைத்திருப்பார்களா கண்ணு?’

அக்டோபர் 30, வியாழன். சத்தியமங்கலம்

அன்னூர் வழியாகப் போகும் பஸ். மாமா சொன்னபடி இரண்டு மணி நேரத்தில் போயிருக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை என்பதை இருவரும் மறந்துவிட்டோம். புளியம்பட்டிச் சந்தை. மாட்டை ஏற்றிய வண்டி, மாட்டை இறக்கும் வண்டி, நடுவில் எங்கள் பஸ், மேலே மழை. முக்கால் மணி நேரம் அசையவில்லை. ஜன்னலோரம் ஒரு காங்கேயம் காளை நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியம்மா முறுக்கு கொடுத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டவரிடம் சொன்னதும், ‘தாத்தா பாட்டி கலியாணமா? பத்திரிகை வைத்தார்களா?’ என்றார். மாமாகூடச் சிரித்துவிட்டார்.

சத்தி மிகப் பழைய மிஷன் ஊர், பதினேழாம் நூற்றாண்டிலேயே இயேசு சபையார் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். நாங்கள் போன பங்கு ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. அங்கே பதிவேடுகளின் நிலையைச் சொன்னால் யாருக்காவது வருத்தம் வரும், ஆனாலும் சொல்கிறேன்: ஓதம் ஏறிய சுவரோடு ஒட்டி வைத்த மர அலமாரி, செல்லோடேப் ஒட்டிய பக்கங்கள். டேப்பைப் பிரித்தால் எழுத்தும் கூடவே வருகிறது. தயவுசெய்து பழைய தாளில் யாரும் டேப் ஒட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் அங்கே தங்கியிருக்கிறார். எண்பத்தைந்து வயது, லத்தீனில் பூசை வைத்த தலைமுறையிடம் படித்தவர். பூதக்கண்ணாடியை அவரே கொண்டுவந்தார். 1909 சனவரி. தேதி தெரிந்திருந்ததால் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. பாதிப் பக்கம் நீர்க்கறை, எங்கள் பதிவு கறைக்கு ஒரு விரற்கடை மேலே. மாமாவின் மெழுகுவர்த்தி வீண்போகவில்லை.

சாமியார் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். ‘பெத்ருஸ் மகன் பௌலுஸ்... மக்தலேனா...’ அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

‘விதுவா. காலஞ்சென்ற இக்னாசியுஸின் விதவை.’

மாமா, ‘இருக்காது சாமி, வேறு மதலேனாவாக இருக்கும்’ என்றார். பெண்ணின் அப்பா பெயரும் அம்மா பெயரும் நேற்றுப் பார்த்தவைதான். சாமியார் அவசரப்படவில்லை. கீழே இருந்ததையும் படித்தார். கலியாணத்துக்கு முன் கோயிலில் அறிவிப்பாக வாசிக்கும் மூன்று ஓலைகளில் ஒன்றுதான் வாசித்திருக்கிறார்கள், மற்ற இரண்டுக்கும் விலக்கு. சாட்சிகளில் ஒருவர் கோயில்பிள்ளை, இன்னொருவர் உபதேசியார், உறவுக்காரர் யாரும் இல்லை. திருமண ஆசீர் கொடுத்ததாகவும் எழுதவில்லை. முன்பே ஒருமுறை அந்த ஆசீரைப் பெற்ற பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்கள் என்றார் சாமியார். ‘அவமானமாக நினைக்காதீர்கள் ஐயா. சபையில் விதவை கலியாணத்துக்குத் தடை எப்போதும் இருந்ததில்லை. ஊர் வாய்க்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் வந்திருப்பார்கள்.’

எனக்குள் ‘ஐ’ என்ற எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. இக்னாசியுஸ். இன்னாசி. சொல்லவா வேண்டாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில்பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. அந்த அம்மா அப்போதுதான் சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். கட்டையில் அவர் அழுத்த, நூல் நூலாக விழுந்தது. பாதிக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும், பாதிக்கு எலுமிச்சை தாளித்து. இடியாப்பத்தைப் போல என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கொங்குக்காரர் உங்களை மன்னிக்கவே மாட்டார்: அது மாவு, இது அரிசியை ஊற வைத்து ஆட்டி, வேக வைத்துப் பிழிவது. மாமா வழக்கமாக மூன்று முறை வாங்குவார். இன்று ஒரு முறையோடு கையைக் கழுவிவிட்டார். ‘பெரியவருக்குப் பிடிக்கவில்லையா?’ என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். பணம் கொடுக்க முயன்றது என் தவறு. வாங்கவில்லை. வாங்காததோடு, அரை முழம் சத்தி மல்லிகையும் என் தலையில் ஏறிவிட்டது.

இரவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதி, தொள்ளாயிரம் ரூபாய், கொசு இலவசம். விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து மாமாவின் குரல் வந்தது.

‘ரயில்வே தப்பாக எழுதவில்லை.’

அக்டோபர் 31, வெள்ளி. மீண்டும் போத்தனூர்

கொடிவேரி அணைக்குப் போய் மீன் சாப்பிடலாம் என்று திட்டம் போட்டிருந்தோம். மாமா அதைப் பற்றிப் பேசவே இல்லை, முதல் பஸ்ஸிலேயே திரும்பினோம். வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் நின்றது. அன்னூரில் டீ குடித்தபோது தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தார். சவரிமுத்துப் பெரியப்பா 1960-இல் ஓய்வு பெற்றார். அப்போது ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு, அப்படியென்றால் பிறந்தது 1905. அப்பா அம்மா கலியாணத்துக்கு நான்கு வருஷம் முன்பு. இதைக் கூட்டிப் பார்க்க இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாய் திறக்கவில்லையோ என்னவோ.

இந்த முறை சாவி இருந்தது. செவ்வாய்க்கிழமை நாங்கள் பார்த்த அதே ஞானஸ்நானப் புத்தகம். அன்று திறந்த பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1905: சவேரியுஸ். அப்பா இக்னாசியுஸ், அம்மா மக்தலேனா. அப்பாவின் அப்பா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் அடக்கப் புத்தகத்தில் என்ன தேட வேண்டும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. 1907 ஆகஸ்ட். சவேரியுஸ் மகன் இக்னாசியுஸ், வயது இருபத்தேழு. கடைசியில் ஒரே சொல், ‘பெஸ்தே’. அதற்கு லத்தீன் அகராதி தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்திலேயே அந்தச் சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கோவையைத் திரும்பத் திரும்பப் பிடித்த பிளேக். நகரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. இங்கே ஒன்பது வரிகள்.

இருபது வயதில் கையில் இரண்டு வயதுப் பிள்ளையோடு நின்ற மதலேனம்மாளைப் பற்றி அந்தப் புத்தகங்களில் வேறொன்றும் இல்லை. சின்னப்பன் தாத்தா அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறார், ஆனால் அதன் அப்பா பெயரை நீக்கவில்லை. ரயில்வேயில் சேர்த்துவிட்டபோது ‘ஐ’ என்று சொல்லி எழுத வைத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். மாமா அதை ஊகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ‘வேறு யார் கண்ணு கூட்டிப் போயிருப்பார்கள்?’ என்றார்.

கிளம்பும்போது அலுவலகத்தில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள், இறந்தவர்கள் பெயரைப் பூசையில் வாசிக்க எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு பெயருக்கு ஐம்பது ரூபாய். மாமா வரிசையில் நின்றார். அப்பா, அம்மா, என் அம்மா, சவரிமுத்துப் பெரியப்பா என்று வழக்கமான பெயர்கள். பிறகு சின்னப்பன்.

‘உறவு?’ என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்த பெண்.

‘தாத்தா.’

‘அடுத்தது?’

‘இன்னாசி.’

‘உறவு?’

‘தாத்தா.’

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினார். ‘அம்மா வழித் தாத்தாவா ஐயா?’

‘இல்லை, அப்பா வழி.’

‘சின்னப்பன்தானே அப்பா வழி என்றீர்கள்?’

‘ஆமாம் அம்மணி’ என்றார் மாமா, சட்டைப் பையிலிருந்து பணத்தை எண்ணியபடி. ‘அப்பா வழியில் எங்களுக்கு இரண்டு பேர். எழுதிக்கொள்ளுங்கள்.’